தலைக்குக் குளித்த தேதி

ஏப்ரல் 3, 2018. செவ்வாய்

அரசாங்கத்துக்கு எழுதுகிற டைரி மேஜை மேல் இருக்கிறது. அதில் 'காலை 9 மணி, கீழத்தெரு, வீடு பார்வை' என்று எழுதினால் போதும், யாரும் படிக்கப் போவதில்லை. இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. வாரத்தில் ஆறு நாள் இந்தத் துணை சுகாதார நிலையத்தில் தனியாகக் கிடக்கிறேன். வீட்டுக்காரரைப் பார்ப்பது சனிக்கிழமை சாயங்காலம்தான். பேச ஒரு ஆள் வேண்டாமா?

ஏப்ரல் என்றால் கிராம நர்சுகளுக்குப் புதுப் பதிவேடு மாதம். வெள்ளூரணியும் அதை ஒட்டிய இரண்டு ஊர்களும் என் பொறுப்பு. கல்யாணமாகி, பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் எல்லார் பெயரும் தம்பதியர் பதிவேட்டில் இருக்கும். வயது, பிள்ளைகள், கடைசியாகத் தலைக்குக் குளித்த, அதாவது மாதவிலக்கு வந்த தேதி, குழந்தையைத் தள்ளிப்போட என்ன செய்கிறாள், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பழைய பதிவேட்டைப் பார்த்துப் புதியதில் பெயர்த்து எழுத வேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். இந்த ஊரில் எந்தப் பெண் எந்தத் தேதியில் குளித்தாள் என்று அவள் புருஷனுக்குத் தெரியாது, ஜெபக்கனி நர்சுக்குத் தெரியும்.

இன்று நாற்பது பெயர் முடித்தேன். விரல் மரத்துவிட்டது.

ஏப்ரல் 4. புதன்

தடுப்பூசி நாள். இருபத்து மூன்று பிள்ளைகள், அத்தனையும் ஒரே சுருதியில் அழுதன.

முனீஸ்வரி தன் மகள் தர்ஷிகாவுக்கு ஐந்து வயது ஊசி போட அழைத்து வந்தாள். முனீஸ்வரிக்கு இருபத்து நான்கு வயது. தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடுக்கும் வேலை. இங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். காலை ஆறரைக்கு வேன் ஏறினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் இறங்குவாள். எல்லாரும் போகட்டும் என்று கடைசிவரை சுவரோரமாக நின்றாள்.

"யக்கா, இந்த மாசமும் வந்துருச்சு."

எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டேன். ஒன்பது நாளாம். மூன்று துணி மடித்து வைத்தும் பாவாடை நனைந்துவிடுகிறதாம். ஆபீஸ் கக்கூசில் தண்ணீர் வராததால் துணி மாற்ற வழியில்லை. இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலி. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

இரும்புச் சத்து மாத்திரையும் போலிக் ஆசிட்டும் கொடுத்தேன். ரத்தம் ஊறினால் தானாக நிற்கும், கவலைப்படாதே என்றேன். தேதியைக் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9. திங்கள்

இருநூற்று எண்பது பெயர் ஆயிற்று. முனீஸ்வரியின் பக்கம் வந்தது. சிவப்பு ரீபில் தீர்ந்துபோனதால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்ததை எழுதினேன்.

ஏப்ரல் 12. வியாழன்

சிவப்புப் பேனா இரண்டு வாங்கினேன். தக்காளி, சீயக்காய், கொசுவத்தி.

ஏப்ரல் 20. வெள்ளி

பதிவேடு முடிந்தது, ஒரு பெயர் தவிர.

மே 7. திங்கள்

ஆய்வுக் கூட்டம். பகுதி செவிலியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் நான்காவதாக இருக்கிறதாம். மேலே இருக்கும் மூவரில் ஒருத்தி ஓய்வு பெறுகிறாள், ஒருத்திக்கு வேண்டாமாம். சுகந்தி கையைப் பிடித்துக் குலுக்கினாள். சுகந்தி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஸ்டாஃப் நர்ஸ், எனக்கு இந்த உத்தியோகத்தில் கிடைத்த ஒரே சிநேகிதி. இனி வெயிலில் தெருத்தெருவாக அலைய வேண்டாம், உட்கார்ந்து மற்றவர்களை அலைய விடலாம் என்றாள்.

சந்தோஷம்தான். முழங்கால் எனக்குச் சொன்னபடி கேட்பதில்லை. நாற்பத்தெட்டு வயது. எனக்கே போன மாதம் இரண்டு முறை வந்துவிட்டது. டாக்டரிடம் காட்ட வேண்டும், காட்டவில்லை. நான் இந்த ஊர்க்காரி இல்லையே, என் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

மே 13. ஞாயிறு

மகள் பெனிட்டா போன் பண்ணினாள். கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. பேச்சுவாக்கில் 'குளிச்சியா?' என்று கேட்டுவிட்டேன். பதினேழு வருஷப் பழக்கம். "அம்மா, நான் உன் ரிஜிஸ்டர்ல இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். நெத்திலிக் குழம்பு வைக்கும் பக்குவம் கேட்கத்தான் கூப்பிட்டாளாம், பிறகு அவள் அப்பா சொன்னார். அதைக் கேட்காமலே வைத்துவிட்டாள்.

மே 24. வியாழன்

மத்தியானம் சீனியம்மா வந்தாள். முனீஸ்வரியின் மாமியார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். பெரிய விஷயம் பேச வந்தால் அவள் தரையில்தான் உட்காருவாள்.

"நர்சம்மா, நீங்க படிச்சவுக. அவ வயித்துல இன்னொண்ணு தங்குமா தங்காதா? ஒரே வார்த்தயா சொல்லுங்க."

உடம்பில் ரத்தம் இல்லை, தேறட்டும், பார்க்கலாம் என்று இழுத்தேன். மூன்று வருஷமாக இதையேதான் சொல்கிறீர்கள் என்றாள். சொன்னது சரிதான். பரிகாரம், நாட்டு மருந்து, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி என்று எல்லாம் பார்க்கலாம் என்று மகனிடம் சொன்னாளாம். மகன் பாண்டிச்செல்வம் தண்ணி லாரி ஓட்டுகிறவன், வாயில்லாப் பூச்சி. ஒன்றும் சொல்லவில்லையாம். அதனால் இவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். தன் தம்பி மகள் கல்யாணமாகாமல் இருக்கிறாள். ஆடி கழிந்து ஆவணியில் பாண்டிச்செல்வத்துக்குக் கட்டிவைப்பது. முனீஸ்வரியை யாரும் போகச் சொல்லவில்லை, அவளும் இருந்துகொள்ளட்டும்.

"நாங்க ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதவுக கெடையாது" என்றாள் சீனியம்மா.

அது சட்டப்படி குற்றம் என்றேன். சட்டத்துக்குப் பேரப்பிள்ளை வேண்டுமா என்று கேட்டாள். நான் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தேன். ஃபைல்கள் பறந்தன. கேடயத்தை எடுத்து அவற்றின் மேல் வைத்தேன். 2013-ல் மாவட்டத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கை நூறு சதவீதம் முடித்ததற்காகக் கொடுத்த கேடயம். காகிதம் பறக்காமல் இருக்க அதைவிட நல்ல பொருள் என்னிடம் இல்லை.

மே 25. வெள்ளி

விழுந்திருக்கும். பிரசவம் ஆன கையோடு வைப்பது பலருக்கும் தானாக விழுந்துவிடும், அவர்களுக்கே தெரியாது. பயிற்சியிலேயே சொன்னார்கள்.

ஜூன் 10. ஞாயிறு

முனீஸ்வரியின் ஓரகத்திக்கு வளைகாப்பு. ஆராதனைக்குப் போகாமல் அங்கே போனேன். ஊரில் என்ன விசேஷம் என்றாலும் எனக்கு மரியாதை உண்டு, முதல் வளையலை என்னைத்தான் போடச் சொன்னார்கள். பச்சையும் சிவப்புமாக இரண்டு கைக்கும் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசினேன். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முனீஸ்வரி தட்டில் வளையலோடு எழுந்தாள்.

சீனியம்மா சத்தம் போடவில்லை. கூட்டத்துக்குள் வந்து, தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பின்னால் பாத்திரம் கிடக்கிறது பார் என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி, வறண்ட கை வளையல் போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று என் காதில் விளக்கம் சொன்னாள். ஒரு பிள்ளை பெற்றவளை எப்படி வறண்டவள் என்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றோடு நின்றால் அது தண்ணீர் வற்றிய கிணறுதானே என்றாள்.

ஐந்து வகைச் சோறு பரிமாறினார்கள். நான் கொல்லைப்புறம் சந்தனக் கையைக் கழுவப் போனபோது முனீஸ்வரி அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். "சாப்ட்டீகளாக்கா, புளிச்சோறு நான் கிண்டுனது" என்றாள். நன்றாக இருந்தது என்றேன். நான் சாப்பிடவே இல்லை.

ஜூன் 11. திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த டைரி அதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

2013 மே மாதம். தாலுகா ஆஸ்பத்திரி. பத்தொன்பது வயது முனீஸ்வரியை ஆம்புலன்சில் நான்தான் அழைத்துப் போனேன். பாண்டிச்செல்வம் அப்போது கேரளாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சீனியம்மா வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்த நேரம். பிரசவம் பார்த்த நர்ஸ் தலையைத் திருப்பி, "உங்க ஏரியாதான சிஸ்டர், காப்பர்-டி வெச்சிரலாமா?" என்று கேட்டாள். காப்பர்-டி, பிள்ளை நிற்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் கருவி. அந்த மாத இலக்கை எட்ட எனக்கு இன்னும் நான்கு பேர் தேவை. அதற்கு முந்தின கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்க வைத்து, ஏன் எண்ணிக்கை குறைகிறது என்று இருபது பேர் முன்னால் கேட்டிருந்தார்கள்.

முனீஸ்வரி பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்டிருக்கும். நான் அவளைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

"வெச்சிருங்க. நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும். முனீஸ்வரி என்று நானே எழுதினேன். எட்டாவது படித்த பிள்ளை எப்படி எழுதுமோ அப்படி, கொஞ்சம் கோணலாக எழுதினேன்.

மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன், மறுநாள் வேறு ஊரில் முகாம். மூன்றாம் நாள் போவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பார்த்தபோது சுற்றிலும் சொந்தக்காரர்கள். அப்படியே மறந்துபோனேன்.

மறந்துபோனேன் என்று எழுதியது பொய். ஒவ்வொரு ஏப்ரலும் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'காப்பர்-டி' என்று என் கையாலேயே பெயர்த்து எழுதியிருக்கிறேன். மூன்று வருஷம் முன்னால், அடுத்த பிள்ளை நிற்கவில்லையே என்று அவள் முதல் தடவை வந்தபோது, அந்தப் பக்கம் என் முன்னால் திறந்துதான் கிடந்தது. அதை மூடிவிட்டுப் போலிக் ஆசிட் கொடுத்தேன். அப்போது சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பயமாக இருந்தது. அவளுடைய நிற்காத ரத்தப்போக்கும் இடுப்பு வலியும் எதனால் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் மாத்திரை எண்ணிக் கொடுத்தேன்.

ஜூன் 13. புதன்

தடுப்பூசி, பதினெட்டு பேர். சொல்லவில்லை. அவள் வரவில்லை.

ஜூன் 28. வியாழன்

சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்புறம் நர்ஸ் முகம் வந்துவிட்டது.

"இதுக்கா இப்படி ஓடாத் தேஞ்சு போயிட்டீங்க? வெள்ளைப்படுதுன்னு வரச் சொல்லுங்க. உள்ள சுத்தம் பண்றோம்னு சொல்லி எடுத்துருவோம். ரெண்டு நிமிஷ வேலை. அடுத்த ரெண்டு மூணு மாசத்துல பிள்ளை நின்னாலும் நின்னுரும். உங்களத்தான் கும்பிடுவா."

டாக்டர் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போய்விடுவார், அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் அவளே சொன்னாள். பதவி உயர்வு வரும் நேரத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள் என்றாள். யோசித்துப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முனீஸ்வரிக்குப் பிள்ளை, சீனியம்மாவுக்குப் பேரன், எனக்கு உத்தியோகம். நிம்மதியாக இருந்தது. பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

ஜூலை 4. புதன்

முனீஸ்வரியிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வா, உள்ளே சுத்தம் பண்ணினால் நல்லது நடக்கும் என்றேன். அவள் எதுவும் கேட்கவில்லை. "நீங்க சொன்னாச் சரிதான்க்கா" என்றாள். ஒரு தூக்குவாளி நிறைய மோர் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 10. செவ்வாய்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகந்தி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். முனீஸ்வரி செருப்பை வெளியே விட்டு, தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கோயிலுக்கு வருகிற மாதிரி. மேஜையில் ஏறிப் படுக்கச் சொன்னேன். காலைத் தூக்கி வைக்கும்போது வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கையால் என் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரசவத்தப்பவும் நீங்கதான்க்கா பக்கத்துல நின்னீக. நீங்க இருக்கீகன்னுதான் நான் எதையும் கேக்குறதில்ல."

சுகந்தி கையுறையை மாட்டிக்கொண்டு, ஒப்புதல் தாளை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே போட்டுருங்க சிஸ்டர்" என்றாள். அவள் மேல் தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். பேனாவை எடுத்தேன். முனீஸ்வரி என்று கோணலாக எழுத வேண்டும். 'மு' போட்டுவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"எந்திரி. சேலையச் சரி பண்ணிக்கிட்டு வா" என்றேன்.

தடுப்பூசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து வைக்கும் பெரிய ஐஸ் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. நின்றுகொண்டேதான் சொன்னேன். காப்பர்-டி என்பது என்ன, யார் வைத்தது, யார் கையெழுத்துப் போட்டது, எத்தனை வருஷம் பிள்ளை நிற்காமல் தடுக்கும் என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தேன். அழக் கூடாது என்று இருந்தேன், அழவில்லை. என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் தலையிலிருந்த பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மாசாமாசம் வீட்டுக்கு வந்து எப்பக் குளிச்சன்னு கேட்டு எழுதுனீகளே. அத எதுக்கு எழுதுனீக?"

கட்டம் இருக்கிறது, அதனால் எழுதினேன் என்றேன்.

"எங்க அத்த தட்டப் புடுங்குனப்ப நீங்க எனக்கு எதிர்த்தாப்லதான நின்னீக" என்றாள்.

ஆமாம் என்றேன்.

சுகந்தி கதவைத் தட்டி, டாக்டர் கிளம்பி வருகிறாராம், சீக்கிரம் என்றாள். இன்றைக்கே எடுத்துவிடலாம், வா என்று நானும் சொன்னேன். முனீஸ்வரி நகரவில்லை.

"இன்னிக்கு வேணாம். மொதல்ல எங்க தெருவுல வந்து சொல்லுங்க. வறண்டவன்னு பேரு வாங்குனது தெருவுலதான். வேன்ல இருந்து நாங்க எறங்குற நேரத்துக்கு வாங்க. எல்லாரும் இருப்பாக. எடுக்குறத அதுக்கப்புறம் பாக்கலாம்."

ஜூலை 11. புதன்

தடுப்பூசி, முப்பத்தொரு பேர். சுகந்தி ஏழு முறை போன் பண்ணினாள். எழுத்து மூலமாக எதையும் கொடுத்துவிடாதீர்கள், தெருவில் எல்லாம் போய்ப் பேச வேண்டாம் என்றாள். அவளுக்கும் பயம். வீட்டுக்காரரிடமும் போனில் சொன்னேன். சனிக்கிழமை நான் வந்தபின் சேர்ந்து போகலாமா என்று கேட்டார். இதற்குத் துணை வேண்டாம் என்றேன்.

ஜூலை 12. வியாழன்

சாயங்காலம் ஆறேகாலுக்கு வேன் வந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். சீனியம்மா வாசல்படியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி வேனிலிருந்து இறங்கி, தீக்குச்சி மருந்து ஒட்டிய கையோடு எனக்கு எதிரே வந்து நின்றாள்.

பதினேழு வருஷமாக இந்தத் தெருவில் சத்தமாகப் பேசியிருக்கிறேன். கைகழுவச் சொல்லி, டெங்கு என்று சொல்லி, தண்ணீரை மூடி வைக்கச் சொல்லி. இன்றைக்குச் சீனியம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உங்கள் மருமகள் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, அவளுக்குத் தெரியாமல், அவளைக் கேட்காமல், அவள் கையெழுத்தை நானே போட்டு, பிள்ளை நிற்காமல் இருக்க உள்ளே கருவி வைக்கச் சொன்னது நான், மூன்று வருஷமாக அவள் வந்து கேட்டும் மறைத்தது நான் என்றேன்.

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை அடைக்கவில்லை.

சீனியம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். "எங்கையால பாவம் பண்ண வெச்சிட்டியே" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக என்னை ஒருமையில் பேசினாள். பிறகு முனீஸ்வரி பக்கம் திரும்பி, அவள் கையிலிருந்த தூக்குச் சட்டியை வாங்கப் போனாள். முனீஸ்வரி கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

ஜூலை 13. வெள்ளி

காலையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அவர் முன்னால்தான் எடுத்தார்கள். எடுக்கும் முன் படிவத்தை முனீஸ்வரி கையில் கொடுத்தேன். உட்கார்ந்து, விரல் வைத்து, ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படித்தாள். கால் மணி நேரம் ஆனது. புரியாத இரண்டு வார்த்தைக்கு டாக்டரிடம் அர்த்தம் கேட்டாள், என்னிடம் கேட்கவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

கோணல் எல்லாம் இல்லை. முத்து முத்தாக இருந்தது.

ஜூலை 16. திங்கள்

காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் வெளியே பத்தொன்பது பெண்கள். முன்னால் நின்றவள், "எம் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க நர்சம்மா" என்றாள்.

ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். முனீஸ்வரி ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்றுதான் எழுத முடிகிறது. இன்னும் மூன்று பேர் தங்களுக்குக் காப்பர்-டி வைத்தது தெரியாது என்றார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி உடனே எடு என்றாள். ஒருத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது பாட்டுக்கு இருக்கட்டும், எனக்கும் பிள்ளை போதும். ஆனா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

கேடயத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். ஃபைல் மேல் இப்போது அரை செங்கல் இருக்கிறது.

ஆகஸ்ட் 8. புதன்

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதவி உயர்வுப் பட்டியலும் வந்தது, என் பெயர் இல்லை. இரண்டும் ஒரே தபாலில்.

ஆகஸ்ட் 11. சனி

என்னையும் டாக்டரிடம் காட்டிக்கொண்டேன். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். பெனிட்டாதான் துணைக்கு வந்தாள். படிவத்தை அவளே வாங்கி எனக்குப் படித்துக் காட்டினாள். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நெத்திலிக் குழம்பு மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 27. திங்கள்

ஆவணி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. சீனியம்மாவின் தம்பி மகளுக்கு வேறு ஊரில் மாப்பிள்ளை பேசுகிறார்களாம். வழியில் பாண்டிச்செல்வம் லாரியை நிறுத்தினான். என்னைப் பார்த்தான், கியரைப் போட்டுப் போய்விட்டான்.

செப்டம்பர் 25. செவ்வாய்

கீழத்தெரு, வீடு பார்வை. விசாரணை முடியும்வரை இங்கேயேதான் வேலை. முன்னைப் போல யாரும் பாய் விரிப்பதில்லை. ஆனால் கதவைத் திறக்கிறார்கள், கேட்டதற்குப் பதில் சொல்கிறார்கள். திரும்பக் கேள்வியும் கேட்கிறார்கள். அது எதற்கு, இது எதற்கு என்று ஒரு வீட்டுக்கு அரை மணி ஆகிறது.

முனீஸ்வரி வீட்டுக்கு இத்தனை நாள் போகாமல் கடத்தினேன். இன்று போனேன். ஆபீசுக்குப் போகவில்லை, வாசலில் உட்கார்ந்து தர்ஷிகாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் ஊறியிருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் என்ன செய்கிறாள், லீவா, உடம்புக்கு முடியவில்லையா, வேறு ஏதாவதா என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். சீனியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே போய்விட்டாள்.

பதிவேட்டைத் திறந்தேன். ஏப்ரலில் விட்டுவைத்த அவளுடைய பக்கம் இப்போது நிரம்பியிருக்கிறது, ஒரு கட்டம்தான் பாக்கி. பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"கடைசியா எப்பம்மா குளிச்ச?" என்று கேட்டேன்.

அவள் பின்னலை முடித்து, ரிப்பனை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, பிள்ளையை எழுப்பி அனுப்பினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை.

"யார்ட்டச் சொல்லணுமோ நான் சொல்லிக்கிறேன் சிஸ்டர்."

எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

சரிம்மா என்றேன். பதிவேட்டை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.